ஏ.சி.எல். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பனிச்சறுக்கு: டிசெம்பரில் முடியுமா?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. வயது 35. நல்ல பழக்கமுள்ள பனிச்சறுக்காளர். ஜனவரி கடைசியில் சுவிஸ் மலை நகரமான தாவோஸில் விழுந்து இடது முழங்காலின் ஏ.சி.எல். சவ்வு (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன் குறுக்குச் சவ்வு) முழுவதும் அறுந்துவிட்டது. பெப்ரவரி கடைசியில் சத்திரசிகிச்சை. அதே காலின் ஹாம்ஸ்ட்ரிங் தசைநாணை (தொடையின் பின்தசையினுடையது) எடுத்துப் புதிய சவ்வாகப் பொருத்தியிருக்கிறார்கள். முழங்கால் மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது; அதையும் தைத்திருக்கிறார்கள். இப்போது பத்து வாரம் ஆகிறது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறீர்கள், ஆனால் மாலையில் முழங்கால் வீங்குகிறது, கால் முழுதாக நிமிர மறுக்கிறது. டிசெம்பர் இரண்டாம் வாரத்துக்கு செர்மாட்டில் நண்பர்களோடு அறை பதிவாகிவிட்டது. இதே சிகிச்சை செய்துகொண்ட நண்பர் ஒருவர் ஆறாம் மாதமே ஸ்கீ (சறுக்குப் பலகை) மாட்டிவிட்டாராம். உங்களால் டிசெம்பரில் போக முடியுமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசெம்பர் இரண்டாம் வாரம் என்றால் ஒன்பதரை மாதம். நடக்காத காரியம் அல்ல. ஆனால் மே மாதத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்கு உறுதி சொல்ல யாராலும் முடியாது. ஒக்டோபர் கடைசியில் இரண்டு தொடைகளின் பலத்தையும் அளந்து பார்த்த பிறகே அந்த முடிவை எடுக்க வேண்டும். அறையைக் கட்டணமின்றி ரத்துசெய்ய வசதி இருந்தால் வைத்திருங்கள். நீங்கள் எழுதியதை வைத்து என் கணிப்பைக் கேட்டால், ஜனவரி நடுப்பகுதிக்கு முன் நீங்கள் ஆயத்தமாவது கடினம். நான் சுவிஸில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் குளிர்காலம் முடியும்போது எங்கள் பயிற்சி அறைக்கு வருகிறவர்களில் பெரும் பகுதியினர் உங்கள் நிலையில் உள்ளவர்கள்தான். நான் உங்கள் முழங்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை நினைவில் வைத்து வாசியுங்கள். உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் வேறு கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அதுவே செல்லும்.

நண்பரின் ஆறு மாதக் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் அவசரப்படுத்துகிறது. பொருத்தப்பட்ட தசைநாண் சத்திரசிகிச்சை நாளில் பலமாகவே இருக்கிறது. ஆனால் இரத்த ஓட்டத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட திசு அது. முழங்காலுக்குள் வைத்த பிறகு அதன் பழைய உயிரணுக்கள் மடிகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்கின்றன. அதன் பிறகே நார்கள் மெல்ல மெல்லத் தம்மை மாற்றி அமைத்துக்கொள்கின்றன. இந்த மாற்றத்தின் நடுவில், ஏறத்தாழ ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை, புதிய சவ்வு மிகப் பலவீனமான கட்டத்தில் இருக்கிறது. அதாவது இப்போது. வலி குறைந்து, நடை சீராகி, மனம் தெம்படைகிற அதே வாரங்களில் உள்ளே இருப்பது மிக மெலிந்திருக்கிறது. முதிர்ச்சி முழுமையடைய ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.

நோர்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. ஏ.சி.எல். சத்திரசிகிச்சைக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்பது மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் காயமடையும் வீதம் 51 சதவீதம் குறைந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு காத்திருப்பதால் அப்படியான கூடுதல் இலாபம் தெரியவில்லை. பலச் சோதனைகளில் தேறாமலே திரும்பியவர்களில் 38.2 சதவீதத்தினர் மீண்டும் காயப்பட்டார்கள். தேறிய பிறகு திரும்பியவர்களில் 5.6 சதவீதத்தினர்தான். அது சிறிய ஆய்வு. வேகமாக வெட்டித் திரும்பும் பந்து விளையாட்டுக்காரர்கள் அதில் அதிகம். ஆனாலும் அது காட்டுகிற திசையில் எனக்குச் சந்தேகமில்லை. ஒன்பது மாதம் தாண்டுவது ஒரு நிபந்தனை, சோதனையில் தேறுவது இன்னொரு நிபந்தனை. முதலாவது தானாக வந்துவிடும். இரண்டாவதற்கு உழைக்க வேண்டும். உங்கள் நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் மகிழ்ச்சி. அவரைப் போல ஆறாம் மாதம் போய் மறுபடியும் சத்திரசிகிச்சை மேசைக்கு வந்தவர்கள் தங்கள் கதையை மலை உணவகத்தில் உட்கார்ந்து சொல்வதில்லை.

இப்போது உங்கள் உடனடிப் பிரச்சினைக்கு வருகிறேன். எனக்குக் கவலை தருவது டிசெம்பர் அல்ல. பத்தாம் வாரத்திலும் நிமிராத கால். பலர் முழங்கால் எவ்வளவு மடிகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மடக்குவது பின்னால் வந்து சேரும். நிமிர்வது போய்விட்டால் எல்லாம் கோணலாகிறது: நடையில் நொண்டல் தங்குகிறது, தொடையின் முன்தசை இறுக மறுக்கிறது, முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி தொடங்குகிறது.

இன்றே அளந்து பாருங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, சில்லு கட்டில் விளிம்புக்குச் சற்று வெளியே வரும்படி இரண்டு கால்களையும் தளர்த்தி நீட்டுங்கள். வீட்டில் ஒருவரைக் கொண்டு குதிகால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது குதிகால் வலதைவிட எத்தனை சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை உங்களுக்கு நிமிர்வு குறைவு. ஒன்றிரண்டு என்றால் உழைத்தால் போதும். ஐந்து, ஆறு என்றால் இந்த வாரமே உங்கள் நிபுணரிடம் நேரம் கேளுங்கள். சில நேரங்களில் புதிய சவ்வின் முன்னால் தழும்புத் திசு சிறு முடிச்சாகத் திரண்டு, கதவிடுக்கில் சிக்கிய கல்லைப்போல, கால் நிமிர்வதைத் தடுக்கும். அப்படி இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. சிறிய துளையிட்டு அதை எடுத்துவிட வேண்டும். தடை அப்படியானதல்ல, வீக்கமும் பின்தசை இறுக்கமும்தான் என்றால் வைத்தியம் எளிது, சலிப்பானது: சுருட்டிய துவாயைக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முழங்காலின் பின்பக்கத்தை அந்தரத்தில் விட்டு, பத்து நிமிடம் அப்படியே இருப்பது. நாளுக்கு நான்கைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் முடித்த உடனே தொடையின் முன்தசையை இறுக்கி, முழங்காலின் பின்பக்கத்தைத் தரையை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். தளர்வாகக் கிடைத்த நிமிர்வைத் தசையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் அது போய்விடும்.

வீக்கத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம். முழங்காலுக்குள் நீர் கோத்திருக்கும் வரை நரம்புகள் தொடைத் தசையை அடக்கி வைக்கின்றன. நீங்கள் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக வேலை செய்யாது. இது சோம்பலோ மனத்தளர்ச்சியோ அல்ல. மாலையில் வீங்குகிறது என்றால் பகலில் முழங்கால் தாங்குவதைவிட அதிகமாக நடக்கிறீர்கள் என்று பொருள். இரண்டு வாரம் நடையைப் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்தை நிலையான சைக்கிளுக்குக் கொடுங்கள். சில்லின் இரு பக்கத்துக் குழிகளும் மாலையிலும் தெளிவாகத் தெரியத் தொடங்கினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். ஆனால் கெண்டைக்கால் தனியாக வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சலோடு முழங்கால் சூடாகிச் சிவந்தால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அவை காத்திருக்கக்கூடிய விடயங்கள் அல்ல.

மெனிஸ்கஸ் தையல் உங்கள் காலக்கணக்கைச் சற்று நீட்டுகிறது. முதல் ஆறு வாரம் பாரத்தையும் மடக்குவதையும் கட்டுப்படுத்தியிருப்பார்கள். அதனால் தசை இழப்பு அதிகம். ஆழமாகக் குந்துவதை நான்காம் மாதம் வரையாவது தவிர்க்கச் சொல்வது வழக்கம். இதற்காக வருந்த வேண்டாம். தைத்துக் காப்பாற்றிய மெனிஸ்கஸ், வெட்டி எடுத்த மெனிஸ்கஸைவிட எதிர்காலத் தேய்மானத்துக்கு எதிராக எவ்வளவோ மேல்.

இனி ஜூனிலிருந்து ஒக்டோபர் வரையான காலம். இதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். வலி இல்லை, வேலைக்குப் போகிறார்கள், கோடை வந்துவிட்டது. சுவிஸில் வைத்தியர் எழுதித் தரும் ஒரு குறிப்புக்கு ஒன்பது இயன்மருத்துவ அமர்வுகள். இரண்டு மூன்று குறிப்புகள் முடிந்ததும், ஐந்தாம் மாத அளவில், பலர் நின்றுவிடுகிறார்கள். கடும் பலப் பயிற்சி தொடங்க வேண்டிய மாதமே அதுதான். விபத்துக் காப்புறுதி உங்களுக்கு இருக்கிறது. இயந்திரங்களோடு கூடிய மருத்துவப் பயிற்சிச் சிகிச்சைக்கு எழுதித் தரும்படி நிபுணரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தானாக எழுதித் தருவதில்லை.

பயிற்சியில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குந்துவதும் கால் அழுத்தும் இயந்திரமும் நல்லவை, ஆனால் அவற்றை நம்பி இருந்துவிடக் கூடாது. உடல் கெட்டிக்காரத்தனமானது. பலவீனமான தொடையின் பங்கை இடுப்புக்கும் மறு காலுக்கும் தள்ளிவிட்டு, பாரம் தூக்கியதாகக் கணக்குக் காட்டும். உட்கார்ந்தபடி கீழ்க்காலை நீட்டி உயர்த்தும் இயந்திரத்தில் அப்படி ஒளிக்க முடியாது. ஒரு காலால் எவ்வளவு, மறு காலால் எவ்வளவு என்று அங்கே அப்பட்டமாகத் தெரியும். அதை எப்போது, எந்தக் கோணத்திலிருந்து தொடங்குவது என்பது நீங்கள் பெற்றிருக்கும் சவ்வைப் பொறுத்தது. உங்கள் இயன்மருத்துவர் சொல்வார். ஆனால் தொடங்காமலே ஒன்பதாம் மாதத்துக்கு வந்து நிற்காதீர்கள். இரண்டு காலிலும் சமமாக நின்று அருமையாகக் குந்துகிறவர்கள், இந்த இயந்திரத்தில் மற்றக் காலின் அறுபது, எழுபது சதவீதத்தில் திணறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொரு காட்சி. இருபது சென்ரிமீற்றர் உயரப் படியில், கண்ணாடிக்கு முன், சத்திரசிகிச்சை செய்த காலில் நிற்கச் சொல்லி, மற்றக் குதிகாலைத் தரையைத் தொடும்வரை மெதுவாக இறக்கச் சொல்வேன். முதல் இரண்டு தடவை அழகாக இறங்குவார்கள். நான்காவது, ஐந்தாவதில் முழங்கால் உள்பக்கமாகச் சரியும், இடுப்பு மறுபக்கம் தொங்கும், உடம்பு அதைச் சமாளிக்கப் பக்கவாட்டில் வளையும். அவர்களுக்கு அது தெரியாது. கண்ணாடியில் காட்டினால்தான் நம்புவார்கள். பிஸ்ட்டில், அதாவது சீரமைத்த சறுக்குப் பாதையில், பிற்பகல் மூன்று மணிக்கு அந்த முழங்கால் செய்யப்போவதும் இதையேதான்.

உங்கள் சவ்வு ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து வந்தது என்பதால் தொடையின் பின்பக்கமும் ஒரு கடன் வைத்திருக்கிறது. பின்தசை கீழ்க்கால் எலும்பைப் பின்னோக்கி இழுத்துப் பிடிப்பது; ஏ.சி.எல்.இன் இயற்கைத் தோழன் அது. நாண் எடுக்கப்பட்ட காலில், முழங்கால் நன்றாக மடிந்த நிலையில், அந்தப் பலம் குறைவாகவே இருக்கும். முதல் மூன்று மாதம் அந்தத் தசையை முரட்டுத்தனமாக இழுக்காமல், பிறகு பொறுமையாகப் பலப்படுத்துங்கள்.

மலைக்குப் போகாமல் இருக்க முடியாது என்றால் கோடையில் ஒரு நல்ல வழி இருக்கிறது: கைத்தடிகளோடு நடந்து ஏறுங்கள், இறங்குவதற்குக் கேபிள் கார் பிடியுங்கள். ஏற்றம் தசையை வளர்க்கும். நீண்ட இறக்கம் இன்னும் ஆயத்தமாகாத முழங்காலை வீங்க வைக்கும். நீச்சலில் தவளை உதை இப்போதைக்கு வேண்டாம், அதில் முறுக்கு இருக்கிறது. சைக்கிள் ஓட்ட எல்லை இல்லை.

ஒக்டோபர் கடைசியில் அளக்க வேண்டியவை: தொடையின் முன்தசை, பின்தசை இரண்டின் பலமும் மற்றக் காலின் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒற்றைக் காலால் முன்னோக்கிப் பாயும் தூரமும் அப்படியே. பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சரியக் கூடாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எட்டு மாத ஓய்வில் மற்றக் காலும் பலவீனமடைந்திருக்கும். பலவீனமான காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் வாங்குவதில் பெருமை இல்லை. அதனால் இரண்டு கால்களையும் சேர்த்தே பயிற்சி செய்யுங்கள்.

பந்து விளையாட்டுக்காரர்களுக்கு இது போதலாம். பனிச்சறுக்காளருக்குப் போதாது. சறுக்கும்போது தொடை மடிந்த நிலையிலேயே நீண்ட நேரம் பாரத்தைத் தாங்குகிறது. ஒரு நொடிப் பலத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் பலம் முக்கியம். அமெரிக்காவின் வேய்ல் (Vail) நகரத்தில், பல ஸ்கீ வீரர்களின் முழங்கால்களைச் சீர்செய்த வைத்தியர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் பணியாற்றிய இடத்தில், இதற்கென ஒரு சோதனை உருவானது. இடுப்பில் இழுவைப் பட்டியைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில், மூன்று நிமிடம் தொடர்ந்து அரைக் குந்து குந்தி எழ வேண்டும். அதன் பிறகு பக்கவாட்டுப் பாய்ச்சல், முன்னும் பின்னும் ஓட்டம். முழங்கால் சரிகிறதா, உடம்பு கோணுகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. மூன்று நிமிடம் என்பது வாசிக்கும்போது சிறிதாகத் தெரியும். ஆரோக்கியமான காலால் இன்று முயன்று பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று விளங்கும்.

பனிச்சறுக்கு உலகக் கிண்ண வீரர்களைப் பார்த்து நாள் குறிப்பவர்கள் பலர். நோர்வேயின் அலெக்சாண்டர் ஆமோட் கில்டேக்கு 2021 ஜனவரியில் ஏ.சி.எல். அறுந்தது, அதே ஆண்டு டிசெம்பரில் பீவர் கிரீக்கில் வென்றார், 2022 ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கங்கள் பெற்றார். ஸ்லோவாக்கியாவின் பெத்ரா வில்ஹோவா 2024 ஜனவரியில் சொந்த நாட்டுப் பந்தயத்தில் விழுந்து முழங்கால் சவ்வு அறுந்தது; அடுத்த பருவம் முழுவதும் அவரால் போட்டியிட முடியவில்லை. இருவருக்கும் உலகின் சிறந்த வைத்தியம் கிடைத்தது, இருவரும் முழுநேரமும் அதற்கே உழைத்தார்கள். அமெரிக்க வீராங்கனை லிண்ட்சே வோனின் கதை இன்னும் தெளிவானது. 2013 பெப்ரவரியில் ஷ்லாட்மிங்கில் விழுந்து முழங்கால் சவ்வு அறுந்தது. ஓராண்டில் சோச்சி ஒலிம்பிக். நவம்பரில் பயிற்சியின்போது அதே முழங்கால் மீண்டும் காயப்பட்டது, ஒலிம்பிக் கைநழுவியது. இரண்டாம் சத்திரசிகிச்சைக்குப் பிறகு 2014 டிசெம்பரில்தான் திரும்பினார், வந்தவுடன் லேக் லூயிஸில் வென்றார். ஒலிம்பிக்குக்காக அவர் அப்படி ஓடியதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு செர்மாட் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும்.

தசை ஒரு பாதி. மறு பாதியைப் பற்றி வைத்தியசாலைகளில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நீண்டகால மனக்குறை: எப்படி விழுந்தீர்கள்? பின்பக்கம் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, பாரமெல்லாம் ஒரு ஸ்கீயின் வால் பகுதி உள்விளிம்பில் விழுந்தபோது என்றால், பொழுதுபோக்குச் சறுக்காளரின் ஏ.சி.எல். அறுவதற்கு மிகப் பிரசித்தமான வழி அது. அந்த வால் பனியைக் கடித்துக்கொண்டு ஸ்கீயை உள்நோக்கித் திருப்புகிறது. ஆழமாக மடிந்த முழங்காலில் கீழ் எலும்பு முறுகுகிறது. அநேகமாக நீங்கள் எழுந்துவிடலாம் என்று எத்தனிக்கும் கணத்தில் அது நடக்கும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் எட்லிங்கர், ஜோன்சன், ஷீலி என்ற மூவர் 1970களிலிருந்து ஸ்கீ விபத்துகளைப் பதிவு செய்துவந்தார்கள். இத்தகைய விழுதல்களின் காணொளிகளைக் காட்டி மலைப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, பயிற்சி பெற்றவர்களிடையே கடும் முழங்கால் சவ்வுக் காயங்கள் 62 சதவீதம் குறைந்ததாக 1995இல் அறிவித்தார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்தது எளியதுதான். கைகள் எப்போதும் முன்னால், ஸ்கீகளுக்கு மேலே இருக்கட்டும். சமநிலை தவறினால் பாதங்களை ஒன்றாக்குங்கள், பாரத்தை முன்னே கொண்டுவாருங்கள். விழுகிறோம் என்று தெரிந்தால் விழுந்துவிடுங்கள்; சறுக்கி முழுதாக நிற்கும் வரை எழ முயலாதீர்கள், கால்களை விறைப்பாக நீட்டாதீர்கள்.

பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டி, விழும்போது விடுவிக்கும் பிடிப்பு) காப்பாற்றும் என்று நம்பி இருக்க வேண்டாம். பைண்டிங்குகள் கீழ்க்கால் எலும்பு முறிவைத் தடுக்க உருவானவை, அதில் பெரும் வெற்றியும் கண்டன. மேலே சொன்ன முறுக்கில் அவை பெரும்பாலும் திறக்காது. ஆனாலும் கடையில் மீண்டும் சரிசெய்து கொள்ளுங்கள். எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். பாணியைக் கேட்கும்போது ஜனவரிக்கு முந்தைய உங்களை அல்ல, இப்போதைய உங்களைச் சொல்லுங்கள். மிதமான, நிதானமான சறுக்காளர்.

பயத்தைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. கூச வேண்டியதில்லை. மனத்தின் ஆயத்தத்தை அளக்கவே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. உங்கள் இயன்மருத்துவரிடம் கேளுங்கள். பனிச்சறுக்கில் பயம் உடம்பை எங்கே கொண்டுபோகிறது என்று கவனியுங்கள்: சரிவிலிருந்து விலகி, பின்பக்கமாக. சவ்வு அறுகிற அதே நிலைக்கு. அதனால் பயத்தோடு செங்குத்தான பிஸ்ட்டில் இறங்கித் தைரியம் வரவழைப்பது என்ற யோசனை இங்கே உதவாது. பயமே வராத அளவுக்கு இலகுவான சரிவில் தொடங்க வேண்டும்.

இன்னொன்று: இடது கால் வெளிப்பக்க ஸ்கீயாகப் பாரம் தாங்குவது வலப்பக்கம் திரும்பும்போது. காயப்பட்டவர்களின் வலப்பக்கத் திருப்பங்களைக் காணொளியில் பார்த்தால் அநேகமாக அவசர அவசரமாக முடியும். உடம்பு உள்பக்கம் சாய்ந்து வலது ஸ்கீயில் ஏறி நிற்கும். நண்பரைப் பின்னாலிருந்து படம் பிடிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கத் திருப்பமும் வலப்பக்கத் திருப்பமும் ஒரே நீளமாக, ஒரே உருவமாக வரும் வரை இலகுவான நீலப் பிஸ்ட்டை விட்டு நகர வேண்டாம். வலப்பக்கம் திரும்பும்போது உள்ளிருக்கும் வலது ஸ்கீயின் வாலைப் பனியிலிருந்து விரலளவு தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் இடது கால் வேலை செய்கிறது.

முதல் நாள் காலையில் போங்கள். இரவில் சீரமைத்த, அகலமான, கூட்டமில்லாத பிஸ்ட். வெயிலோ தெளிவான வெளிச்சமோ இருக்க வேண்டும். மேகம் மூடி நிழல்கள் அழிந்த நாளில் தரையின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாது, முழங்கால்தான் அதைக் கண்டுபிடிக்கும். வழக்கத்தைவிடக் குட்டையான, மென்மையான ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள். இரண்டு மணி நேரம் போதும். தொடை எரியத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்துங்கள். "கடைசியாக ஒரு தடவை" என்று நண்பர்கள் அழைத்தால் கேபிள் காரில் இறங்குங்கள். மறுநாள் சறுக்க வேண்டாம்.

முழங்கால் உறை அணிய வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பந்து விளையாட்டுகளில் அதன் பயன் தெளிவாக நிறுவப்படவில்லை. பனிச்சறுக்கில் நிலைமை சற்று வேறு. ஏ.சி.எல். மாற்றிய ஸ்கீ மலைப் பணியாளர்களைத் தொடர்ந்து பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், உறை அணியாதவர்கள் மீண்டும் முழங்காலில் காயப்படும் வாய்ப்பு 2.74 மடங்கு அதிகமாக இருந்தது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வல்ல, ஆகவே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் முதல் பருவத்துக்கு, இரு பக்கமும் உலோகச் சட்டமுள்ள, உங்கள் காலுக்கு அளவெடுத்த உறையை நான் பரிந்துரைக்கிறேன். கடையில் விற்கும் மீள்துணி உறை வெதுவெதுப்பைத் தரும், அவ்வளவுதான்.

பனி மேடுகள் நிறைந்த பிஸ்ட்கள், பாய்ச்சல்கள், பிஸ்ட்டுக்கு வெளியே உள்ள ஆழ்பனி, நேரக் கணிப்புப் பந்தயங்கள் எல்லாவற்றையும் அதற்கடுத்த பருவத்துக்கு விட்டுவிடுங்கள். மார்ச் மாதப் பிற்பகலின் கனத்த ஈரப்பனியையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். ஸ்கீயைப் பிடித்து நிறுத்திவிட்டு உடம்பை மட்டும் போகவிடும் பனி அது.

ஒவ்வொரு சறுக்கல் நாளுக்கும் மறுநாள் காலை, கட்டிலை விட்டு இறங்கும் முன், சில்லின் இரு பக்கத்துக் குழிகளையும் தடவிப் பாருங்கள், காலை முழுதாக நிமிர்த்திப் பாருங்கள். இரண்டும் முந்தைய நாளைப் போலவே இருந்தால் அடுத்த முறை அரை மணி நேரம் கூட்டுங்கள். குழி நிரம்பியிருந்தால் வீக்கம் வற்றும் வரை சைக்கிள் மட்டும்; அடுத்த முறை பாதி நேரம். இரண்டு முறை தொடர்ந்து அப்படி நடந்தால் ஸ்கீயைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் அந்த இயந்திரத்தில் உட்கார்ந்து தொடையை அளக்கச் சொல்லுங்கள்.